அண்ணி படுத்துப் பார்த்த தண்ணீர் மெத்தை

என் அண்ணன் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்த வருஷத்தில்தான் எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திராவில் சேர்ந்தது. அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் எல்லைச் சங்கதியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஒரு செம்மண் நிற ரப்பர் மெத்தைதான் ஞாபகத்துக்கு வரும். அதோடு என் அண்ணியும்.

வரதய்யபாளையத்துக்கு மேற்கே இரண்டு மைலில் எங்கள் நிலம். அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றி வந்த வண்டி, வரப்பில் ஒரு சக்கரம் ஏறிச் சாய்ந்தது. உச்சியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மடைக்கல்லின் மேல் முதுகு பட விழுந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, காலுக்கு உணர்ச்சி வந்தால் வரும், வராமலும் போகும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு இருபத்தெட்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணி என்னைவிடச் சின்னவர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

வந்து இருபது நாளில் அண்ணனின் வால் எலும்புக்கு மேலே தோல் கறுத்து, பிறகு வெடித்தது. படுக்கைப்புண். சத்தியவேட்டிலிருந்து டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார்.

"முதுகு ஒடைஞ்சதுல ஒங்க அண்ணன் சாவமாட்டார். இந்தப் புண்ணுலதான் சாவார். எலும்பு வரைக்கும் போச்சின்னா என் கையில இல்ல" என்றார். "தண்ணி ரொப்பற ரப்பர் மெத்த ஒண்ணு கீது. அது கெடைச்சா கொண்டாந்து போடு."

எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். திருப்பதியில் விசாரித்துப் பார் என்றார். காளாஸ்திரி வழியாக பஸ் மாறிப் போனேன். நாலு மருந்துக் கடையிலும் இல்லை என்றார்கள். கடைசிக் கடையில் இருந்த கம்பவுண்டர் மட்டும், மாட வீதிப் பக்கம் கோயில் கைங்கரியக்காரர் வீடு ஒன்றில் ஒரு மெத்தை இருப்பதாகத் தெலுங்கில் சொல்லி வழி காட்டினார்.

கதவைத் திறந்தது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய், முகப்பவுடர் தூவி மடித்து வைத்திருந்த ரப்பர் மெத்தையைக் கொண்டு வந்து என் முன்னால் விரித்தார். விரித்தால் தோளிலிருந்து தொடை வரைக்கும் வரும். ஒரு மூலையில் பித்தளைத் திருகு மூடி.

"முன்னாடியே சொல்லிடறேன். எங்காத்துக்காரர் இதுலதான் எட்டு மாசம் படுத்துண்டிருந்தார். போயிட்டார். ஆனா முதுகுல ஒரு கீறல்கூட இல்லாம போனார். மனசுக்குக் கூச்சமா இருந்தா எடுத்துண்டு போகவேண்டாம்" என்றார்.

இறந்தவர் படுத்ததை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். பாயானாலும் தலையணையானாலும் அன்றைக்கே வெளியே போய்விடும். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது காதில் இருந்ததால் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாள் என்னைக் கீழே உட்காரவைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். "வெதுவெதுன்னு ஜலம் ரொப்பணும். பாதிதான். அதுக்கு மேல ஒரு டம்ளர்கூட வேண்டாம். காத்து உள்ள நிக்கப்படாது, அமுக்கி வெளியேத்திட்டு மூடியத் திருகணும். கைய வெச்சா மேல அலை ஓடணும். எண்ணெய்க் கையால தொட்டா ரப்பர் பொரிஞ்சுடும். குணமானதும் கொண்டு வந்து குடுங்கோ, இன்னொருத்தருக்கு ஆகும்."

நான் நேராக வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் திருப்பதி வரை வந்துவிட்டு மலை ஏறாமல் போவது எப்படி? மெத்தையை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்தே ஏறினேன். அண்ணன் எழுந்து உட்காரட்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். பாபவிநாசத்தில் மூடி போட்ட பித்தளைச் சொம்பு நிறையத் தீர்த்தம் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் இறந்தவர் விஷயத்தை அண்ணியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"புண்ணு இல்லாம போனாரு இல்ல? அது போதும் தம்பி" என்று மெத்தையை வாங்கிக்கொண்டார்.

கயிற்றுக் கட்டிலின் மேல் பலகை போட்டு, பலகை மேல் கம்பளி விரித்து, அதன் மேல் மெத்தையை வைத்தோம். அண்ணி பாதி வரைக்கும் வெந்நீர் விளாவி ஊற்றினார். காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி, துவைத்த வேட்டியை மேலே விரித்தார். பார்ப்பதற்கு எனக்கு ஒன்றும் திருப்தியாக இல்லை. தொளதொளவென்று கிடந்தது. இதற்கா இவ்வளவு தூரம் அலைந்தோம் என்று நினைத்தேன்.

அண்ணனை அதன் மேல் கிடத்திய பிறகுதான் அந்தப் பொருளின் மகிமை தெரிந்தது. அவர் இடுப்பு கனமாக அழுந்திய இடத்தில் தண்ணீர் விலகிக் கொடுத்தது. விலகிய தண்ணீர் முதுகு வளைவுக்குப் போய் அங்கே தாங்கியது. எந்த ஒரு எலும்பும் தனியாகப் பாரம் சுமக்கவில்லை. நாங்கள் ஒரு பக்கம் திருப்பினால் அதுவும் கூடவே உருமாறிக்கொண்டது. யார் எந்த ஊரில் உட்கார்ந்து இதை யோசித்தாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சொம்புத் தீர்த்தத்தில் ஒரு மடக்கை அண்ணன் வாயில் விட்டு, கொஞ்சம் தலையில் தெளித்தேன். முக்கால் சொம்பு மிச்சம். தீர்த்தத்தைத் தரையில் கொட்டக்கூடாது, கால் படும். எனக்கு அப்போது பெரிய புத்திசாலித்தனமான யோசனை ஒன்று வந்தது. மெத்தையின் மூடியைத் திறந்து, அந்த மிச்சத் தீர்த்தத்தை உள்ளே ஊற்றினேன். மருந்துக்கு மருந்தும் ஆச்சு, சாமிக்குச் சாமியும் ஆச்சு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் புண்ணின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. நல்ல சிவப்பு. செய்தி பரவி, அந்தத் தண்ணி மெத்தையைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளியைப் பார்ப்பதில்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, சத்தியவேடு அந்தப் பக்கம் போகிறதாமே, திருத்தணி இந்தப் பக்கம் வருகிறதாமே, இனி வரி எந்த ஊர்க் கச்சேரியில் கட்டுவது, பிள்ளைகள் எந்த பாஷையில் படிப்பது என்று சத்தம் போட்டார்கள். ஒருநாள் அண்ணிக்கே பொறுக்கவில்லை.

"எந்த ராஜ்யத்துல சேந்தா இவுரு புண்ணு ஆறும்னு சொல்லுங்க, அங்க சேந்துக்கலாம்" என்றார்.

இப்படி வந்தவர்களில் ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. நோயாளி இருக்கிற வீட்டுக்குத் தீர்த்தம் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் நாகலாபுரம் வேதநாராயண சாமி கோயில் தீர்த்தம் கொண்டு வந்தார். இன்னொருவர் மலைக்குப் போய்வந்தவர். ஒருவர் காளாஸ்திரி. அவர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்து, ஏதோ நாங்கள் அண்ணனுக்குக் கஞ்சத்தனம் செய்துவிட்டது போல முகத்தைச் சுளித்தார்கள்.

"இன்னாப்பா இது, சொதசொதன்னு கீது! கெட்டியா ரொப்பக் கூடாதா? அதுல தீர்த்தம் ஊத்தினதா சொன்னாங்களே, இதையும் ஊத்து."

நானும் ஊற்றினேன். புனலைப் பிடித்தது என் கைதான். ஆளுக்கு அரைச் சொம்பு, கால் சொம்பு. ஒருவருடையதை ஊற்றி இன்னொருவருடையதை வேண்டாம் என்றால் மனஸ்தாபம். ஊற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. உள்ளே இருப்பது முழுக்கத் தீர்த்தமாகிவிட்டதே, அதை எங்கே கொட்டுவது? அண்ணி ஒரு தடவை கேட்டார்.

"அந்தம்மா பாதின்னுதான சொன்னாங்க தம்பி?"

"தீர்த்தத்துக்கும் கணக்கா அண்ணி?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்கின் மேல் கோபம்.

இருபது இருபத்தைந்து நாளில் மெத்தை நன்றாகப் புடைத்துக்கொண்டு எழும்பி நின்றது. பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. சிவந்த புண் மறுபடி கறுத்தது. ரூபாய் அளவு இருந்தது உள்ளங்கை அளவாகி, நடுவில் குழி விழுந்து, வாடை அடித்தது. டாக்டர் வந்தார். தண்ணி மெத்தை போட்டீர்களா என்று கேட்டார், போட்டோம் என்றேன். மேலே வேட்டி விரித்திருந்தது, அவர் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. புண்ணைக் கழுவிவிட்டு, "இன்னும் ஒரு நூல் எறங்கினா எலும்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் அந்தக் கேள்வியை அப்படியே அண்ணி மேல் திருப்பினேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் வெட்கப்படுகிற பேச்சு அதுதான்.

"நீங்க சரியா திருப்பறதில்ல அண்ணி. நான் கழனிக்குப் போனதும் படுத்துத் தூங்கிடறீங்க. எங்கண்ணன் பாக்கறதுக்கு ஆளு இல்லாம அழுகிக்கினு கீறார்."

அண்ணன் கட்டிலில் இருந்தபடி, "ஏய், வாய மூடு" என்றார். அண்ணி என்னைப் பார்க்கவும் இல்லை, அழவும் இல்லை. அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டி முடித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, ஒரு கை பிடி. இவர கீழ பாய்ல எறக்கணும்."

எதற்கு என்று தெரியாமல் பிடித்தேன். அண்ணனைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார். பிறகு கட்டிலில் ஏறி, அண்ணன் எப்படிக் கிடப்பாரோ அப்படியே, மெத்தையின் மேல் மல்லாந்து படுத்தார். காலை அண்ணன் கால் போல நீட்டிவிட்டு, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரம் என்ன எழுப்பாதீங்க" என்றார்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பட்டப்பகலில், புருஷனும் கொழுந்தனும் இருக்கையில், ஒரு மருமகள் கட்டிலில் மல்லாந்து கிடப்பது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் வெளியே போய்க் கொட்டகையில் நின்றுகொண்டேன். கோபித்துக்கொண்டு வீம்புக்குப் படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மாட்டுக்குத் தீனி வைத்தேன், கட்டுத்தறியைப் பெருக்கினேன், வேலை தீர்ந்துபோனது. உள்ளே எட்டிப் பார்த்தபோது அவர் அசையவே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது, நெற்றியில் வேர்வை. பாயில் இருந்த அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினார்.

"இது மெத்த இல்ல தம்பி, பாறை" என்றார். "கொஞ்ச நேரத்துலயே வாலெலும்பு நோவ ஆரம்பிச்சிச்சி. அப்பறம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சிச்சி. எனக்குத் தெரியுது, நான் பொரண்டு படுத்துக்கலாம். அவுருக்கு நோவே தெரியாதே, எப்டி சொல்லுவாரு? அவுரு ஒடம்பு சொல்லாதத நாமதான படுத்துப் பாத்து தெரிஞ்சிக்கணும்?"

மெத்தையில் கையை வைத்தேன். அலை ஓடவில்லை. கை வைத்த இடம் முழங்காலைப் போல் கெட்டியாக இருந்தது. எல்லோரும் வந்து அமுக்கிப் பார்த்தோம், ஊற்றினோம், மெச்சிக்கொண்டோம். இவ்வளவு பேரில் ஒருவருக்கும் அதில் படுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இது தோன்றுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை, அக்கறை வேண்டும். அது அண்ணியிடம்தான் இருந்தது.

அவர் குடத்தைக் கொண்டு வந்து, மெத்தையின் மூலையைக் கட்டிலுக்கு வெளியே இழுத்து, மூடியில் கை வைத்தார். அந்நேரம் பார்த்து எங்கள் பங்காளிப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் நாகலாபுரத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தவர்.

"அடி என்னம்மா செய்யற! தீர்த்தத்த கொட்டறியா? பாவம் சுத்திக்கும்!"

நான் பயந்துவிட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். மலை ஏறி, வேண்டிக்கொண்டு கொண்டுவந்த தீர்த்தம் அதற்குள் இருந்தது. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதனால்தான் என்று ஊரே சொல்லும். ஆனால் அண்ணி மூடியைத் திருகிவிட்டார்.

"சாமிக்குக் கோவம் வந்தா என்னாண்ட வரட்டும் மாமா. இவுரு புண்ணு ஆறட்டும்."

தண்ணீர் குடத்தில் விழுந்தது. ஒரு குடம் நிரம்பி, இரண்டாவதிலும் பாதி வந்த பிறகுதான் மெத்தை மேல் அலை ஓடியது. குடங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், பூஜைக்குப் பூப்பறிக்கிற நந்தியாவட்டைச் செடியின் அடியில், யார் காலும் படாத இடமாகப் பார்த்து நிதானமாக ஊற்றினார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"மொதல்ல அவர தூக்கி மேல வெக்கலாம், வா" என்றார். அந்த மன்னிப்பை நான் கேட்டு முடிக்கவே இல்லை.

அன்றிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தவர்களுக்கு அண்ணி ஒரு வழி வைத்தார். ஒரு சொட்டு அண்ணன் வாயில், ஒரு சொட்டு தலையில், மிச்சம் நந்தியாவட்டைக்கு. மெத்தையை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களை, "ஒருக்கா படுத்துப் பாருங்க" என்று கூப்பிடுவார். யாரும் படுக்கவில்லை, ஆனால் யாரும் அதற்குப் பிறகு ரொப்பு என்று சொல்லவும் இல்லை. நான் கழனியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக்கொண்டு, மெத்தையைத் தொட்டு அலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

ஆனாலும் பயம் விடவில்லை. வாடை நிற்க இரண்டு வாரம் ஆயிற்று. குழிக்குள் சிவப்பு தெரிய இன்னும் ஒரு மாதம். டாக்டர் வந்து பார்த்தார், கீழே இறங்குவது நின்றுவிட்டது என்றார். அதற்கு மேல் அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்குள் ஊர்க் கச்சேரியில் தெலுங்குப் பலகை மாட்டிவிட்டார்கள். சண்டை போட்டவர்கள் எல்லாம் அடங்கி, தெலுங்கில் மனு எழுதத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை, அண்ணி வழக்கம்போல உப்பு போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கி ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். புண் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இத்தனை மாதமும் துடைக்கும்போது அண்ணன் சுவரைப் பார்த்தபடி ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். யாரோ யாருக்கோ துடைக்கிற மாதிரிதான் இருக்கும் அவருக்கு.

திடீரென்று அவர் உடம்பு என் கைக்குள் துள்ளியது.

"ஆ! மெதுவாமே! உசுரு போவுது!"

அண்ணியின் கை அப்படியே நின்றது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னா சொன்னீங்க?" என்றார் அண்ணி.

"எரியுதுன்றேன்! நெருப்ப வெச்சா மாதிரி எரியுது!"

"எங்க? இங்கியா?" என்று அண்ணி ஈரத்துணியால் மறுபடி தொட்டார்.

"அங்கதான்டி! தொடாதன்றேன், திரும்பவும் தொடற! அறிவு கீதா ஒனக்கு? கைய எடு!"

அண்ணி கையை எடுத்தார். துணி அவர் மடியில் விழுந்து புடவை நனைந்தது. அதைக் கவனிக்காமல் அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. நான் திட்டியபோது அழாதவர், தீர்த்தத்தைக் கொட்டியபோது அழாதவர், அன்றைக்குத்தான் அழுதார்.

"திட்டுங்க" என்றார். "இன்னும் நல்லா திட்டுங்க."

என் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை இல்லை, இரண்டு கையும் அண்ணனைப் பிடித்திருந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று புரியாமல் அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார்.